எடுத்தவர் பெயர் சொல்லப்படமாட்டாது

எங்கள் பள்ளியில் ‘ராங்கி’ என்றால் அது நூலகர்தான். பட்டப்பெயரை வைத்தது யார் என்று தெரியாது. ஆசிரியர் அறையில் பிறந்தது என்பது மட்டும் நிச்சயம். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தத் தைரியம் எங்களில் ஒருவருக்கும் கிடையாது. நான் அலுவலகத்தில் கிளார்க். தலைமையாசிரியர் சொல்வதை டைப் அடித்து, சொல்லாததை முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, மணியடித்ததும் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிற ரகம். எதிர்த்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு முதலில் பயம் வரும், பிறகு பொறாமை வரும். நூலக அக்காவைப் பார்த்து எனக்கு இரண்டுமே தாராளமாக வந்திருக்கின்றன.

நூலகம் மாடியில் கடைசி அறை. கீழே சைக்கிள் நிறுத்துமிடம். ஜன்னல்களில் ஒன்று மூடினால் திறக்காது, திறந்தால் மூடாது. அதைப் பாதியில் நிறுத்தி அக்கா கயிறு போட்டுக் கட்டிவைத்திருந்தாள். அக்காவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குரல் மட்டும் நூலகத்துக்குச் சற்றும் பொருந்தாத குரல். “சத்தம் போடாதீங்க” என்று அவள் போடுகிற சத்தம் கீழே சைக்கிள் பூட்டுகிறவர்களுக்குக் கேட்கும்.

நூலகத்தைக் கணினிமயமாக்கப்போவதாகத் தலைமையாசிரியர் ஒரு கூட்டத்தில் அறிவித்தார். ஒரு கம்பெனி வந்து செய்துகொடுக்குமாம். கம்பெனிக்காரர் டை கட்டிக்கொண்டு வந்தார். அலமாரிகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பின்னட்டையில் பார்கோடு இல்லாத பழைய புத்தகங்களையெல்லாம் கழித்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று யோசனை சொன்னார். கழிப்பதென்றால் பாதி நூலகம். அக்கா அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, மாடிப்படி வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, நேராகத் தலைமையாசிரியர் அறைக்கு வந்தாள்.

“அந்த ஆள் திரும்ப வரவேண்டாம் சார். நானே பண்றேன்.”

அவர் சிரித்தார். அக்காவுக்கு மெயில் அனுப்பக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்று ஞாபகப்படுத்தினார். கற்றுக்கொடுத்தது நான், அதைச் சொல்வதற்கு அது நேரமில்லை. இந்த வயதில் இதெல்லாம் எதற்கு, ஓய்வு பெறும்வரை நிம்மதியாக இருந்துவிட்டுப் போங்களேன் என்றார். நிம்மதி என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவின் மூக்கு விடைத்தது. ஆண்டுப் பரீட்சை முடியும்வரை அவகாசம் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தாள். அவளால் முடியாது என்ற நம்பிக்கையில்தான் அவர் கொடுத்தார்.

நூலகர்களுக்கென்று இணையத்தில் மாலை வகுப்பு ஒன்று நடந்தது. அக்கா அதில் சேர்ந்தாள். எங்கெங்கோ இருக்கிற நூலகர்கள் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் முகம் காட்டுவார்கள். அதிகம் கேள்வி கேட்டவள் இவள்தான். வகுப்பு எடுத்தவர் பொறுக்கமுடியாமல் இவளுடைய மைக்கை அணைப்பார். இவள் மறுபடி போட்டுக்கொள்வாள். அவள் கணவர் பிரிட்ஜ் மெக்கானிக். பள்ளியின் கம்ப்யூட்டர் லேபில் செத்துக்கிடந்த பெட்டி ஒன்றைப் பிரித்துத் துடைத்து அவர்தான் உயிர் கொடுத்தார். பிரிட்ஜும் கம்ப்யூட்டரும் ஒன்றுதான், சூடாகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னார். இலவசமாகக் கிடைக்கிற நூலக மென்பொருள் ஒன்றை அக்கா அதில் ஏற்றினாள். ஒரே சொல்லில் ஏற்றினாள் என்று சொல்லிவிட்டேன். அது ஏறமாட்டேன் என்று அடம்பிடித்த நாட்களில் அவள் பக்கத்தில் யாரும் போக முடியாது.

அகராதியில் மூக்கு உடைந்தது. பின்னட்டையில் பதிப்பாளர் அச்சடித்த பார்கோடு இருக்கிறதே, அதையே புத்தகத்தின் எண்ணாக வைத்துக்கொண்டால் லேபிள் ஒட்டுகிற வேலை மிச்சம் என்று நினைத்து, கிடைத்ததையெல்லாம் ஸ்கேனரால் பீப் பீப் என்று தள்ளிவிட்டாள். ஓர் அலமாரி நிறைய ஒரே அகராதி, வகுப்புக்கு மொத்தமாகக் கொடுப்பதற்கென்று வாங்கியது. அத்தனை பிரதிக்கும் ஒரே பார்கோடு. முதல் பையன் ஒன்றை எடுத்ததும், அகராதி வெளியே போய்விட்டது என்று கணினி முடிவு கட்டிவிட்டது. ஆளுக்கொரு அகராதியைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்பே வரிசையில் நிற்க, அப்படியொரு புத்தகம் இந்த அறையிலேயே இல்லை என்று அது சாதித்தது. ஆசிரியர் அறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அக்காவும் சிரித்தாள். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண், தனி லேபிள். மூட்டை மூட்டையாகப் புத்தகங்களைக் கணவரின் வேனில் வீட்டுக்குக் கொண்டுபோய், அவரையே லேபிள் ஒட்டவைத்தாள். எங்கள் நூலகத்தில் கோணலாக ஒட்டியிருக்கிற லேபிள் எல்லாம் அவர் கைவண்ணம்.

பரீட்சை முடிவதற்குள் வேலை முடிந்தது. வீட்டிலிருந்தே போனில் புத்தகம் தேடலாம். வேண்டியது வெளியே போயிருந்தால் பெயர் பதிந்து வரிசையில் காத்திருக்கலாம். தவணை கடந்தால் தினமும் காலையில் மெயில் தானாகப் போகும். அது பிள்ளைகளோடு நிற்காமல் ஆசிரியர்களுக்கும் போனதுதான் வம்பாகிவிட்டது. எடுத்த புத்தகத்தை வீட்டு அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்வது எங்கள் ஆசிரியர்களின் பரம்பரை உரிமை. விலக்கு வேண்டும் என்று கூட்டமாகப் போய்க் கேட்டார்கள். மென்பொருளில் விலக்கு வைக்க முடியும், நான் வைக்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஒரு புத்தகம் அறையைவிட்டு வெளியே போனால் அது யாரோ ஒருவர் பெயரில் ஏறித்தான் போகவேண்டும், அவர் யாராக இருந்தாலும் சரி. அதில் அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

வெற்றி கொஞ்சம் தலைக்கேறிவிட்டது என்று நினைக்கிறேன். நூலகத்தின் இணையப் பக்கத்தில் ‘இன்று யார் கையில் என்ன புத்தகம்’ என்று ஒரு கட்டம் சேர்த்தாள். பிள்ளையின் பெயர், வகுப்பு, புத்தகத்தின் தலைப்பு. புத்தகம் கைமாறினால் கட்டம் தானே மாறிக்கொள்ளும். பெயரைத் திரையில் பார்ப்பதற்காகவே புத்தகம் எடுத்த பிள்ளைகள் உண்டு. தலைமையாசிரியர்கூடக் காலைக் கூட்டத்தில் பாராட்டினார். புதிதாகக் கற்ற வித்தையைக் காட்டிவிடவேண்டும் என்ற அவசரத்தில், அந்தக் கட்டம் எதையெல்லாம் காட்டிக்கொடுக்கும் என்று அவள் யோசிக்கவில்லை.

ஒருநாள் எட்டாம் வகுப்பு நெட்டைப் பெண் ஒருத்தியின் பெயருக்கு நேரே, திக்குவாய்க்கான பயிற்சிப் புத்தகம் ஒன்றின் தலைப்பு வந்து நின்றது. அதிகம் பேசாத பெண் அவள். ஏன் பேசுவதில்லை என்று அதுவரை யாருக்கும் தெரியாது. அவ்வளவு சாமர்த்தியமாக மறைத்துவைத்திருந்தாள். மத்தியான இடைவேளைக்குள் வகுப்பே அவள் முன்னால் திக்கித் திக்கிப் பேசிக்காட்டிச் சிரித்தது. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் புத்தகத்தை நூலக மேசையில் வைத்துவிட்டுப் போன பெண், அதன்பிறகு மாடிப் பக்கமே வரவில்லை.

விஷயம் தெரிந்தபோது அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. உட்கார்ந்த இடத்திலேயே அந்தக் கட்டத்தைப் பக்கத்திலிருந்து நீக்கினாள். எட்டாம் வகுப்புக்கு நடந்து போய், அந்தப் பெண்ணை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

மாடிக்குத் திரும்பிய அக்கா மென்பொருளைக் குடைந்தாள். முதல் நாளிலிருந்து யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள் என்பது முழுவதும் அதில் உட்கார்ந்திருந்தது. கடவுச்சொல் கிடைத்த எவரும் பார்க்கலாம். புத்தகம் திரும்பி வந்ததும் எடுத்தவர் பெயரை அறுத்துவிட்டு, இத்தனை தடவை வெளியே போயிற்று என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொள்கிற வசதியும் அதிலேயே இருந்தது. அதைப் போட்டாள். பழையதையும் துடைத்தாள். கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினாள். திருப்பிக் கொடுத்த புத்தகத்தை யார் எடுத்திருந்தார் என்பது இந்த நூலகத்துக்கு நினைவிருக்காது, கேட்காதீர்கள் என்று பெரிய எழுத்தில் இருந்தது. தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு, கவிதையெல்லாம் எழுத ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உறையைப் பிரித்தவள் நான். எங்கள் கணக்கு ஆசிரியர் மர ஸ்கேலின் விளிம்பால் பிள்ளைகளின் விரல் முட்டியில் அடிக்கிறார் என்று யாரோ பெயரில்லாமல் புகார் எழுதியிருந்தார்கள். பள்ளி விளக்கம் தரவேண்டும். அவர் அடிப்பது சுவருக்குக்கூடத் தெரியும். தலைமையாசிரியருக்கு அந்த அடி ஒரு பிரச்சினையாகவே படவில்லை, புகார்தான் கண்ணை உறுத்தியது. அதில் சில வரிகள் பிள்ளைப் பேச்சாக இல்லாமல் சட்டப் பேச்சாக இருந்தன. நூலகத்தில் பிள்ளைகளின் உரிமைகளைப் பற்றி மெல்லிய புத்தகம் ஒன்று உண்டு, ஒரே பிரதி. அவருக்குப் பொறி தட்டியது. அதை எடுத்துக்கொண்டு வரும்படி அக்காவுக்குச் சொல்லியனுப்பினார். அந்தப் புத்தகத்தைக் கடைசியாக எடுத்த பிள்ளை எதுவோ, எழுதியதும் அதுவே என்பது அவர் கணக்கு. பெயர் தெரிந்தால் பெற்றோரைக் கூப்பிட்டு, பள்ளியைவிட்டு அனுப்புகிற டி.சி. என்கிற மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடலாம். பெயரை மட்டும் காலியாக விட்டு அதை டைப் அடித்துவைக்கும்படி எனக்கு உத்தரவு. அடித்து என் மேசை டிராயரில் வைத்தேன்.

அக்கா புத்தகத்தோடு வந்தாள். வரும்போதே வழக்கப்படி அதை அவர் பெயரில் ஏற்றிவிட்டுத்தான் வந்திருந்தாள். தவணை இரண்டு வாரம் என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் பக்கங்களைப் புரட்டிப் புகாரோடு ஒப்பிட்டார். வரிகள் அப்படியே இருந்தன. கடைசியாக எடுத்தது யார் என்று கேட்டார். பெயர் அழிந்துவிட்டது என்றாள் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணினி ஆசிரியரும், மென்பொருளைப் பார்க்க மட்டும் தனக்கு இருந்த கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்துவிட்டு, உண்மைதான் என்றார். அதோடு விட்டிருக்கலாம். தலைமையாசிரியரைக் குளிர்விக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் நூலகர் ஒரு பென் டிரைவில் எல்லாவற்றையும் நகல் எடுத்துவைப்பதாகவும், புத்தகம் வெளியே இருந்த வாரத்து நகலில் பெயர் அப்படியே இருக்கும் என்றும் எடுத்துக்கொடுத்தார்.

தொலைந்துவிட்டது என்று சொல்லு அக்கா, கெட்டுப்போய்விட்டது என்று சொல்லு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“இருக்கு சார்,” என்றாள் அக்கா. “எங்க வீட்ல இருக்கு. தரமாட்டேன்.”

அது பள்ளிக்கூடத்துச் சொத்து என்று அவர் மேசையைத் தட்டினார்.

“பென் டிரைவ் பள்ளிக்கூடத்துது. அதைத் தந்துடறேன். உள்ள இருக்கறது அந்தப் பிள்ளையோடது.”

வேலை போய்விடும் என்றார். அக்காவின் குரல் அப்போது உயரவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

“போகட்டும் சார். அடிச்சவரை விட்டுட்டு, அடிக்கிறாங்கன்னு சொன்ன பிள்ளையத் தேடறீங்க. அதுக்கு என் நூலகம் உதவாது.”

தற்காலிகப் பணிநீக்க உத்தரவை நான்தான் டைப் அடித்தேன். தேதியைத் தப்பாக அடித்துவிட்டேன். அக்கா படித்துப் பார்த்து, தேதியைத் திருத்தி வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டாள். நூலகத்துக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தலைமையாசிரியர் வைத்துக்கொண்டார். புத்தகம் அவர் டிராயருக்குள் போயிற்று.

அன்று வேலை விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். பென் டிரைவை அவள் ஏற்கெனவே துடைத்துவிட்டிருந்தாள். யாராவது கேட்டு வந்தால் உள்ளே ஒன்றும் இருக்கக்கூடாதாம். பெயரைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்க்கவில்லை, பார்த்தால் அந்தப் பிள்ளையைக் காணும்போதெல்லாம் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்றாள். எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. துடைக்கத்தான் போகிறாய், அங்கேயே இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் உன் வேலையாவது மிஞ்சியிருக்குமே என்றேன்.

“இல்லைன்னு சொன்னா, அடுத்த தடவை வேற யார்கிட்டயாவது இருக்கும், அவங்ககிட்ட வாங்கிப்பார். இருக்கு, ஆனா தரமுடியாதுன்னு ஒருத்தி மூஞ்சிக்கு நேரா சொல்லணும்டி. அது அவர் காதுல விழணும்.”

அவள் கணவர் வேன் கதவைத் துடைத்துக்கொண்டே, வேலையிலிருந்து நிறுத்தலாம், இவள் வாயை எந்த உத்தரவாலும் நிறுத்த முடியாது, அது தனக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும் என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

நூலகத்தைப் பூட்டினார்களே தவிர, அதன் இணையப் பக்கத்தைப் பூட்ட யாருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் எந்தச் செய்தி ஒளிந்திருக்கிறது? அக்காவை ஏன் அனுப்பினார்கள் என்பதும், எந்தப் புத்தகம் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. யாரோ அந்தப் புத்தகத்துக்கு வரிசையில் பெயர் பதிந்தார்கள். பிறகு இன்னொருவர். பிறகு வகுப்பு வகுப்பாக. கணினி ஆசிரியர் பதறிக்கொண்டு அந்த வரிசையை அச்சடித்துத் தலைமையாசிரியரிடம் கொண்டுவந்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். முதல் பெயர் அந்த நெட்டைப் பெண்ணுடையது. இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவருக்கு வேண்டியது ஒரு பெயர். கிடைத்தது பள்ளிக்கூடம் முழுக்க. இதில் எழுதியவர் யார் என்று எங்கே தேடுவார்?

இரண்டு வாரம் கழிந்தது. காலையில் அவருடைய மெயிலைத் திறந்தேன். தங்கள் பெயரில் உள்ள புத்தகத்தின் தவணை கடந்துவிட்டது, தங்களுக்குப் பின்னால் நூற்றுச் சொச்சம் பேர் காத்திருக்கிறார்கள், தயவுசெய்து திருப்பித் தரவும் என்று நூலகம் எழுதியிருந்தது. வருகிற மெயிலையெல்லாம் அச்சடித்து மேசையில் வைக்கவேண்டும் என்பது அவர் போட்ட விதி. வைத்தேன். மறுநாளும் வந்தது, மறுநாளும் வைத்தேன். தினமும் காத்திருப்பவர் எண்ணிக்கை கூடியது. ஒருநாள் கசக்கி எறிந்தார். கசங்கியதில் எழுத்து தெரியாமல் போய்விடக்கூடாதே என்று இன்னொரு பிரதி அடித்துவைத்தேன். அது என் வேலை.

வரிசையில் இருக்கிறவர்களுக்கும், இன்னும் புத்தகம் வரவில்லை, பொறுத்திருக்கவும் என்று மெயில் போய்க்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் பெற்றோரின் போன்தான். அலுவலக போன் ஓயாமல் அடித்தது. அப்படி என்ன புத்தகம், யார் வைத்துக்கொண்டு தராமல் இருக்கிறார்கள் என்று ஓர் அப்பா கேட்டார். தலைமையாசிரியர் எதிரே நின்றுகொண்டிருந்தார், வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

“எடுத்தவர் பேர் சொல்லப்படமாட்டாதுங்க,” என்றேன். “அது எங்க நூலகத்தோட விதி.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

கல்வி அலுவலகத்திலிருந்து நேரில் விசாரிக்க வருவதாகத் தகவல் வந்தது. கணக்கு ஆசிரியரின் ஸ்கேல் அலமாரிக்குள் போய்விட்டது. பூட்டிய நூலகத்தையும் காத்திருக்கிற வரிசையையும் எந்த அலமாரிக்குள் ஒளிப்பது? மெயிலை நிறுத்தும்படி கணினி ஆசிரியருக்கு உத்தரவு போனது. மாற்றங்கள் செய்கிற கடவுச்சொல் அக்காவிடம் மட்டும்தான் இருக்கிறது என்று அவர் கையை விரித்தார். கடைசியில் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். மெயிலை எப்படி நிறுத்துவது என்று மட்டும் கேட்டார், வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“அதுக்கு நான் எதுக்கு சார்? புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்க, தானா நின்னுடும்.”

டிராயரைத் திறந்து புத்தகத்தை வெளியே எடுத்தார். யாரிடம் கொடுப்பது என்று கேட்டபோதே அவருக்கு விடை தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், குரல் பாதியில் இறங்கிவிட்டது.

“வாங்கி வரவு வைக்க ஒரு நூலகர் வேணும் சார்,” என்றாள் அக்கா.

புத்தகத்தை மேசைமேல் வைத்தார். பிறகு, உத்தரவை ரத்து செய்கிறேன், நாளையிலிருந்து வாருங்கள் என்றார். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

“பேர் போடாம ஒரு டி.சி. அடிச்சு வச்சிருக்கீங்களாமே சார். அதைக் கிழிச்சிடுங்க. அப்புறம்தான் வருவேன்.”

அவர் தலை மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது. அது அக்காவுக்கு எப்படித் தெரியும் என்பதை அவர் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. அடித்த கை ஒன்றே ஒன்று. இத்தனை வருஷத்தில் அவர் அப்படிப் பார்க்கும்போதெல்லாம் நான் கீபோர்டைப் பார்த்திருக்கிறேன். அன்று பார்க்கவில்லை. என் டிராயரைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். அவர் கிழி என்று சொல்லும்வரை காத்திருக்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை கிழித்தேன்.

“கேட்டுச்சாக்கா?” என்றேன்.

“கேட்டுச்சு,” என்றாள். “வர்றேன்.”